ஊருக்குத்தான் உபதேசமா? விதி போட்டவரே விதி மீறினால் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரசியல்வாதி ஒருவர் தானே போட்ட விதியைத் தானே மீறி மாட்டிக்கொள்ளும் செய்தி வந்தால் போதும், அதே சந்தேகங்கள் மறுபடி மறுபடி வந்து நிற்கின்றன. சிலர் கொந்தளிக்கிறார்கள், சிலர் "இதெல்லாம் ஒரு விஷயமா" என்கிறார்கள். கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். உதாரணங்களில் பெரும்பாலானவை கொரோனா காலத்தவை. காரணம் எளிது: அந்தச் சமயத்தில் ஒரே விதி நாட்டின் தலைவரையும் கடைசிக் குடிமகனையும் ஒரே நாளில் கட்டுப்படுத்தியது. யார் மீறினார் என்பதும் பளிச்சென்று தெரிந்தது.

எல்லாரும்தான் எதையாவது மீறுகிறோம். அரசியல்வாதி மீறினால் மட்டும் ஏன் இந்தக் குதி குதிக்கிறீர்கள்?

கோபம் மீறலின் அளவைப் பார்த்து வருவதில்லை. அதே விதிக்குக் கட்டுப்பட்டு மற்றவர்கள் எதை இழந்தார்கள் என்பதைப் பார்த்து வருகிறது. ஒரு தோட்டத்தில் நாற்பது பேர் நின்று குடிப்பது சாதாரண நாளில் செய்தியே இல்லை. அதே வாரத்தில் சாகக் கிடக்கும் அப்பாவைப் பார்க்க மருத்துவமனைக்குள் விடாமல், தொலைபேசியில் விடைபெற்றவர்கள் இருந்தார்கள் என்றால் அது வேறு கதை.

விதிக்குக் கீழ்ப்படிந்தவருக்கு இதில் இரட்டை அடி. இழப்பு ஒன்று. "நாம்தான் ஏமாளியோ" என்ற நினைப்பு இன்னொன்று. இரண்டாவதுதான் ஆறாமல் இருக்கிறது.

லண்டன் 'பார்ட்டிகேட்' விவகாரத்தில் அப்படி என்னதான் நடந்தது? பேர் மட்டும் கேள்விப்பட்டிருக்கிறேன்.

2020 மே 20. இங்கிலாந்தில் அன்றைய விதிப்படி, வேறு வீட்டைச் சேர்ந்த ஒரே ஒருவரை மட்டும், அதுவும் திறந்த வெளியில், இரண்டு மீட்டர் தள்ளி நின்று சந்திக்கலாம். அன்று மாலை 5 மணிக்கு நடந்த அரசுச் செய்தியாளர் சந்திப்பில் ஓர் அமைச்சர் இதையே நினைவூட்டிக்கொண்டிருந்தார். 6 மணிக்குப் பிரதமர் இல்லத் தோட்டத்தில் விருந்து. பிரதமரின் முதன்மைச் செயலர் ஏறக்குறைய 200 ஊழியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார்: தோட்டத்துக்கு வாருங்கள், குடிக்க வேண்டியதை நீங்களே கொண்டுவாருங்கள். பிரதமர் போரிஸ் ஜான்சனும் சிறிது நேரம் வந்து போனார்.

இது ஒன்று மட்டுமல்ல. உயரதிகாரி சூ கிரே 2022 மே மாதம் வெளியிட்ட அறிக்கையில் இப்படி 16 கூடல்கள் இருந்தன. அதில் ஒரு சின்ன விவரம் எனக்கு மறக்கவே இல்லை. 2020 டிசம்பர் 18 இரவு விருந்துக்கு மறுநாள் காலை துப்புரவுப் பணியாளர் வந்து பார்க்கிறார்: சுவரில் சிவப்பு ஒயின் சிந்தியிருக்கிறது, நகலெடுக்கும் தாள் பெட்டிகள் மேலும் சிந்தியிருக்கிறது. காவலர்களும் துப்புரவுப் பணியாளர்களும் அங்கே மரியாதையின்றி நடத்தப்பட்டதாகவும் அதே அறிக்கை சொல்கிறது. விதி மீறியவர்கள் விருந்து வைத்தார்கள், விதிப்படி வேலைக்கு வந்தவர் சுவரைத் துடைத்தார்.

2021 ஏப்ரல் 16 அன்று அதே இல்லத்தில் இரண்டு விடைபெறும் விருந்துகள். மறுநாள் இளவரசர் பிலிப்பின் இறுதிச் சடங்கு. 30 பேருக்கு மட்டுமே அனுமதி என்பதால் 94 வயது அரசி எலிசபெத் தேவாலயத்தில் தனியாக முகக்கவசத்தோடு உட்கார்ந்திருந்தார். விருந்து விவரம் வெளிவந்தபோது அந்தப் படத்தை யாரும் மறந்திருக்கவில்லை. பிரதமர் அலுவலகம் அரண்மனையிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. போலீஸ் கடைசியில் 83 பேருக்கு மொத்தம் 126 அபராதங்கள் விதித்தது.

ஐம்பது பவுண்டு அபராதத்துக்காகவா ஒரு பிரதமர் பதவி போனது?

இல்லை. 2020 ஜூன் 19 அன்று அமைச்சரவை அறையில் நடந்த பிறந்தநாள் கூடலுக்காக ஜான்சனுக்கு 2022 ஏப்ரலில் அபராதம் வந்தது. அப்போது நிதியமைச்சராக இருந்த ரிஷி சுனக்குக்கும் வந்தது. பதவியில் இருக்கும்போதே சட்டத்தை மீறியதாக அபராதம் கட்டிய முதல் பிரிட்டிஷ் பிரதமர் என்ற பெயர் ஜான்சனுக்குக் கிடைத்தது. ஆனால் பதவி அப்போது போகவில்லை. ஜூலையில் வேறொரு விவகாரம் வெடித்து, அமைச்சர்கள் வரிசையாக ராஜினாமா செய்த பிறகுதான் அவர் விலகினார்.

உண்மையில் அவரை விடாமல் துரத்தியது விருந்தல்ல, அதைப் பற்றி நாடாளுமன்றத்தில் சொன்ன பேச்சு. விதிகளெல்லாம் பின்பற்றப்பட்டன என்று 2021 டிசம்பரில் அவையில் சொன்னார். தோட்ட விருந்தை அலுவல் நிகழ்ச்சி என்றே நினைத்ததாகப் பிறகு சொன்னார். அவர் அவையை வேண்டுமென்றே தவறாக வழிநடத்தினார் என்று 2023 ஜூனில் நாடாளுமன்றத்தின் உரிமைக் குழு முடிவு செய்தது. உறுப்பினராக இருந்திருந்தால் 90 நாள் இடைநீக்கத்துக்குப் பரிந்துரைத்திருப்போம் என்றது. அதற்குச் சில நாள் முன்பே அவர் உறுப்பினர் பதவியை விட்டிருந்தார். அறிக்கையை அவை 354க்கு 7 என்ற வாக்குகளில் ஏற்றது.

விதி போட்டவரே அதை மதிக்கவில்லை என்றால், அந்த விதியே டுபாக்கூர் என்றுதானே அர்த்தம்?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. அர்த்தம் அதுவல்ல. ஸ்காட்லாந்தின் தலைமை மருத்துவ அதிகாரி கேத்தரின் கால்டர்வுட், வீட்டிலேயே இருங்கள் என்று தொலைக்காட்சியில் சொல்லிக்கொண்டே தன் இரண்டாவது வீட்டுக்கு இரண்டு முறை போய்வந்தார். 2020 ஏப்ரல் 5 அன்று பதவி விலகினார். அவர் போய்வந்ததால் வைரஸ் பரவும் விதம் மாறிவிடவில்லை. சொன்னவரின் யோக்கியதை வேறு, சொன்ன விஷயத்தின் உண்மை வேறு.

ஆனாலும் இந்தக் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. விதியை எழுதியவராலேயே அதன்படி வாழ முடியவில்லை என்றால், சில நேரம் விதி நடைமுறைக்கு ஒவ்வாமல் எழுதப்பட்டிருக்கலாம். அப்படியானால் அவர் செய்திருக்க வேண்டியது விதியை எல்லாருக்கும் தளர்த்துவது. தனக்கு மட்டும் சத்தமில்லாமல் தளர்த்திக்கொண்டதுதான் பிரச்சினை.

மேலே இருப்பவர் மீறினால் நிஜமாகவே பாதிப்பு உண்டா, இல்லை பத்திரிகைகள் ஊதிப் பெரிதாக்குகின்றனவா?

பாதிப்பு உண்டு. அதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். ஜான்சனின் தலைமை ஆலோசகர் டொமினிக் கம்மிங்ஸ், 2020 மார்ச் இறுதியில் மனைவிக்கு உடல்நலமில்லாத நிலையில் குடும்பத்தோடு லண்டனிலிருந்து சுமார் 260 மைல் தள்ளியுள்ள டர்ஹமுக்குக் காரில் போனார். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். அங்கிருந்து ஏப்ரல் 12 அன்று பார்னார்ட் காசில் என்ற ஊருக்கும் போய்வந்தார். எதற்கு என்று கேட்டபோது, நீண்ட தூரம் ஓட்டுமளவுக்குக் கண் தெரிகிறதா என்று சோதிக்கப் போனதாகச் சொன்னார். கண் சரியாகத் தெரிகிறதா என்று பார்க்க மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு கார் ஓட்டுவார்களா என்று நாடே கேட்டது.

மே 22 அன்று செய்தி வெளியானது. அப்போது பல்லாயிரம் பேரிடம் தொடர்ந்து கருத்துக் கேட்டுக்கொண்டிருந்த லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள், லான்செட் மருத்துவ இதழில் முடிவை வெளியிட்டார்கள். அந்த நாள் முதல் அரசின் மேல் நம்பிக்கை இங்கிலாந்தில் சரிந்தது. ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் மக்கள் தங்கள் சொந்த அரசுகளின் மேல் வைத்திருந்த நம்பிக்கையில் அப்படிச் சரிவு இல்லை. அதே தீவு, அதே வைரஸ், அதே செய்தித்தாள்கள். நம்பிக்கை சரிந்தால் அடுத்து வரும் விதிக்கு யார் காது கொடுப்பார்கள்?

அபராதம் கட்டியாச்சு, மன்னிப்பும் கேட்டாச்சு. இன்னும் என்னதான் வேண்டுமாம்?

பல நேரம் எதுவும் வேண்டாம். நார்வே பிரதமர் எர்னா சூல்பெர்க் 2021 பிப்ரவரியில் தன் 60ஆம் பிறந்தநாளுக்காகக் குடும்பத்தோடு கெய்லோ என்ற பனிச்சறுக்கு ஊருக்குப் போனார். கூடலுக்கு அனுமதி 10 பேருக்கு. உணவகத்தில் உட்கார்ந்தவர்கள் 13 பேர். கண் பிரச்சினைக்காக மருத்துவமனைக்குப் போனதால் அந்த விருந்தில் அவர் உட்காரக்கூட இல்லை. இருந்தும் "நான் வரவே இல்லையே" என்று வாதாடவில்லை, மன்னிப்புக் கேட்டார், 20,000 குரோனர் அபராதத்தை ஏற்றுக்கொண்டார். ராஜினாமா செய்யவில்லை.

நியூசிலாந்தின் சுகாதார அமைச்சர் டேவிட் கிளார்க் பொதுமுடக்கத்தில் மலைச் சைக்கிள் ஓட்டப் போனார், குடும்பத்தைக் காரில் கடற்கரைக்கும் கூட்டிப்போனார். மாட்டியதும், நான் முட்டாளாக நடந்துகொண்டேன் என்று வெளிப்படையாகச் சொன்னார். சாதாரண நாளாக இருந்தால் பதவியைப் பறித்திருப்பேன் என்று பிரதமர் ஜசிந்தா ஆர்டன் சொல்லி, அமைச்சரவை வரிசையில் கடைசி இடத்துக்குத் தள்ளினார். சில மாதங்களில் கிளார்க் விலகினார்.

மன்னிப்பில் மக்கள் பார்ப்பது மூன்று: மாட்டுவதற்கு முன் வந்ததா, பின் வந்ததா, செய்ததை அப்படியே சொல்கிறாரா, "யார் மனமாவது புண்பட்டிருந்தால்" என்று இழுக்கிறாரா, அடுத்த மாதம் கதை மாறுகிறதா. ஜான்சன் கதை மாறிக்கொண்டே போனது.

சட்டம் எல்லாருக்கும் சமம் என்றால், தலைவருக்கு மட்டும் கூடுதலாகத் தண்டனை கொடுப்பது எப்படி நியாயம்?

மேலே சொன்ன நார்வே விவகாரத்தில் இதே கேள்வி எழுந்தது. சூல்பெர்க்கின் கணவரும் உணவகமும் விதியை மீறியதாகப் போலீஸ் சொன்னது, ஆனால் அபராதம் போடவில்லை. இதுபோன்ற பெரும்பாலான சம்பவங்களில் யாருக்குமே அபராதம் போடுவதில்லை என்றும் ஒப்புக்கொண்டது. பிரதமருக்கு மட்டும் ஏன்? விதிகளை அறிவிப்பதில் முன்னால் நின்றவர் அவர் என்பதால், விதியின் மேல் மக்களுக்குள்ள நம்பிக்கையைக் காப்பாற்ற அபராதம் சரியே என்றார் காவல்துறைத் தலைவர். சட்டம் எல்லாருக்கும் ஒன்று, ஆனால் சட்டத்தின் முன் எல்லாரும் ஒன்றல்ல என்பது அவர் பேச்சின் சாரம்.

எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. தண்டனையின் அளவு பதவியைப் பொறுத்து ஏறி இறங்க ஆரம்பித்தால், நாளை அதே தர்க்கத்தைத் தலைகீழாகத் திருப்பி, "நாட்டுக்கு முக்கியமானவர், விட்டுவிடுங்கள்" என்பார்கள். அபராதம் ஒன்றாக இருக்கட்டும். கூடுதல் பொறுப்பு பதவியில் தொடர்வதா என்ற கேள்வியில் வரட்டும். நார்வே போலீஸின் வாதம் வலுவானது என்பதையும் மறுக்க மாட்டேன்.

சட்டத்தை மீறவே இல்லை என்று கோர்ட் பிறகு சொல்லிவிட்டதே, அப்படியென்றால் முன்பே ராஜினாமா செய்தது தப்புதானே?

அயர்லாந்து கதையைக் கேட்கிறீர்கள். 2020 ஆகஸ்ட் 19 அன்று கிளிஃப்டன் என்ற ஊரில் நாடாளுமன்ற கோல்ஃப் சங்கத்தின் விருந்து, 80 பேருக்கு மேல். கூட்டங்களுக்கான கட்டுப்பாடுகளை முந்தைய நாள்தான் அரசு இறுக்கியிருந்தது. விவசாய அமைச்சர் டாரா கேலியரி ஓரிரு நாளில் விலகினார். ஐரோப்பிய ஒன்றியத்தின் வணிக ஆணையர் ஃபில் ஹோகன் ஒரு வாரத்தில் விலகினார். விருந்தை நடத்தியதாக வழக்குப் போடப்பட்ட நால்வரையும் 2022 பிப்ரவரியில் நீதிமன்றம் விடுவித்தது.

நீதிமன்றம் பார்ப்பது குற்றம் நிரூபணமானதா என்று. மக்கள் பார்ப்பது, நேற்று எங்களுக்குக் கூடாது என்றதை இன்று நீ செய்தாயா என்று. இரண்டும் வேறு வேறு தராசு. அது தெரிந்தே விலகினார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். ஹோகன் விஷயத்தில் விருந்தோடு நிற்காமல், அயர்லாந்துக்குள் அவர் எங்கெங்கே போனார் என்ற விவரமும் தவணை முறையில் வெளிவந்தது. அதுதான் அவரைக் கவிழ்த்தது.

விதியை மீறவே இல்லை, ஆனால் விதியையே தனக்கு வசதியாக எழுதிக்கொண்டால்?

இதற்கு வரும் கோபம் குறைவு, வர வேண்டிய கோபம் அதிகம். ஒளிப்படம் கிடையாது, விருந்து கிடையாது, அதனால் செய்தி ஆவதில்லை.

2009இல் பிரிட்டனில் நாடாளுமன்ற உறுப்பினர்களின் செலவுக் கணக்கு வெளியானபோது, பலர் சொன்ன பதில் "எல்லாம் விதிப்படிதான்". உண்மைதான். விதியை எழுதியவர்களும் அவர்களேதான். வாத்துகளுக்குக் குளத்தில் மிதக்கும் வீடு வாங்கிய 1,645 பவுண்டைக்கூட ஒருவர் கணக்கில் எழுதினார் (அந்தக் கோரிக்கை மட்டும் நிராகரிக்கப்பட்டது). அவைத்தலைவர் பதவி விலகினார், பொய்க் கணக்குக் காட்டிய சிலர் சிறைக்குப் போனார்கள், கணக்கைப் பார்க்கத் தனி அமைப்பு வந்தது. அமெரிக்க நாடாளுமன்றம், தான் இயற்றிய பல தொழிலாளர் சட்டங்களிலிருந்து தனக்கே விலக்கு வைத்திருந்தது. 1995இல்தான் அதைச் சட்டம் போட்டு மாற்றினார்கள். அங்கே உறுப்பினர்கள் பங்குகள் வாங்கி விற்றால் 45 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று 2012இல் சட்டம் வந்தது. தவறினால் வழக்கமான அபராதம் 200 டாலர். லட்சக்கணக்கில் பங்கு வாங்குபவருக்கு இது உறைக்குமா?

இந்தியாவில் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இல் வந்தது. ஆறு தேசியக் கட்சிகளும் இந்தச் சட்டத்துக்கு உட்பட்ட பொது அமைப்புகளே என்று மத்திய தகவல் ஆணையம் 2013 ஜூனில் உத்தரவிட்டது. கட்சிகள் அதன்படி நடக்கவில்லை. நாடாளுமன்றத்தில் கை தூக்கி நிறைவேற்றிய சட்டம் தங்கள் அலுவலக வாசலுக்கு வந்ததும் கதவைச் சாத்திவிட்டார்கள்.

பதவியில் இருப்பவர் மேல் வழக்கே போட முடியாது என்கிறார்களே, உண்மையா?

நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் அரசியலமைப்பின் 361ஆவது பிரிவு, பதவிக்காலத்தில் குற்ற வழக்கிலிருந்து குடியரசுத் தலைவருக்கும் ஆளுநர்களுக்கும் பாதுகாப்புத் தருகிறது. பிரதமருக்கும் முதல்வருக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை. அவையில் பேசுவதற்கும் வாக்களிப்பதற்கும் உறுப்பினர்களுக்குச் சிறப்புரிமை உண்டு, ஆனால் காசு வாங்கிக்கொண்டு வாக்களிப்பதற்கு அது கவசமாகாது என்று 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அமெரிக்காவில் அதே ஆண்டு ஜூலையில் நேர்மாறான திசையில் ஒரு தீர்ப்பு வந்தது: அதிபரின் அதிகாரபூர்வச் செயல்களுக்குக் குற்ற வழக்கிலிருந்து பெருமளவு பாதுகாப்பு உண்டு.

தாய்லாந்தில் 2021 ஏப்ரலில் பிரதமர் பிரயுத் சான் ஓச்சா முகக்கவசம் போடாமல் கூட்டத்தில் உட்கார்ந்த படம் அவருடைய முகநூல் பக்கத்திலேயே வெளியானது. பாங்காக் நகர நிர்வாகம் 6,000 பாட் அபராதம் போட்டது. தலைவருக்கு அபராதம் விதிப்பதால் மட்டும் ஒரு நாட்டில் சட்டத்தின் ஆட்சி நடக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். அவர் முதலில் ஆட்சியைப் பிடித்தது 2014இல் ராணுவப் புரட்சி மூலம்.

எதிர்க்கட்சிக்காரரும்தான் மீறினார், அதை மட்டும் ஏன் கேட்க மாட்டேன் என்கிறீர்கள்?

கேட்க வேண்டும். ஜான்சனைச் சாடிய எதிர்க்கட்சித் தலைவர் கியர் ஸ்டார்மர், 2021 ஏப்ரலில் டர்ஹமில் பிரச்சாரத்துக்கு இடையே கட்சிக்காரர்களோடு பீர் குடித்த காட்சி வெளியானது. அபராதம் வந்தால் ராஜினாமா செய்வேன் என்று முன்கூட்டியே அறிவித்தார். விதிமீறல் இல்லை என்று 2022 ஜூலையில் போலீஸ் முடிவு செய்தது. மற்றவரை அளந்த கோலை அவர் தன் மேலும் வைத்தார், அவ்வளவுதான் எதிர்பார்ப்பு.

ஆனால் "அவரும்தான்" என்பது கேள்வியாக வர வேண்டும், பதிலாக வரக்கூடாது. நம் கட்சிக்காரர் மாட்டும்போது சப்பைக்கட்டு கட்டத் தோன்றினால் ஒரு சோதனை போதும்: செய்தியில் பெயரை மட்டும் மாற்றிப் படியுங்கள்.

வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்திருக்கிறது. தலைவர் விதியை மீறுவது தெளிவாகத் தெரிகிறது. பகிரலாமா?

அன்றைய தேதியில், அந்த இடத்தில், விதி என்னவாக இருந்தது என்று முதலில் பாருங்கள். 2020 மே 15 அன்று பிரதமர் இல்லத் தோட்டத்தில் ஜான்சனும் ஊழியர்களும் ஒயின், பாலாடைக்கட்டியோடு உட்கார்ந்திருந்த படம் உலகம் முழுக்கச் சுற்றியது. போலீஸ் விசாரித்த கூடல்களின் பட்டியலில் அது இல்லவே இல்லை. அபராதம் வந்தது, மேலே சொன்ன, அதைவிட அமைதியாகத் தெரிந்த பிறந்தநாள் கூடலுக்கு. படம் பார்க்க எப்படி இருக்கிறது என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

அவரே மீறிவிட்டார், நானும் மீறினால் என்ன? கேஸ் போட்டால் "அவரை விட்டீர்களே" என்று வாதாடலாமா?

வாதாடலாம், எடுபடாது. சட்டவிரோதத்தில் சமத்துவம் கேட்க முடியாது என்பது இந்திய நீதிமன்றங்கள் பலமுறை சொன்னது. ஒருவரைத் தவறாக விட்டுவிட்டார்கள் என்றால் அவரைப் பிடிக்கச் சொல்லிக் கேட்கலாம், உங்களையும் விடச் சொல்லிக் கேட்க முடியாது.

எல்லாரும் இப்படித்தான். கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது?

எல்லாரும் இப்படி இல்லை. நெதர்லாந்துப் பிரதமர் மார்க் ருட்டே, முதியோர் இல்லத்தில் இருந்த 96 வயது தாயை வாரக்கணக்கில் போய்ப் பார்க்கவில்லை, விதி அனுமதிக்கவில்லை என்பதால். 2020 மே 13 அன்று அவர் இறந்தார். இறக்கும் தறுவாயில் உள்ளவரைப் பார்க்க இருந்த அனுமதிப்படி கடைசி இரவு மட்டும் உடனிருந்தார். அதே அரசில் நீதித்துறை அமைச்சர், தன் திருமணத்தில் இடைவெளி விதியை மீறி 390 யூரோ கட்டினார். ஒரே அமைச்சரவை!

கோபத்துக்குப் பலன் இருப்பது அதற்கு வழி இருக்கும் இடங்களில். கம்மிங்ஸ் விலக வேண்டும் என்று சொன்னவர்களில் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த பிரிட்டன் நாடாளுமன்ற உறுப்பினர் மார்கரெட் ஃபெரியரும் ஒருவர். அதே ஆண்டு செப்டம்பரில், கொரோனா உறுதியானது தெரிந்தும் லண்டனிலிருந்து கிளாஸ்கோவுக்கு ரயிலில் போனார். நீதிமன்றம் 270 மணி நேரச் சமூகப்பணி விதித்தது, அவை 30 நாள் இடைநீக்கம் செய்தது. அப்படி இடைநீக்கமானால் தொகுதியில் 10 சதவீத வாக்காளர்கள் கையெழுத்திட்டாலே பதவி காலி என்பது அங்கே 2015 முதல் சட்டம். கையெழுத்துகள் தாராளமாக வந்தன, 2023 அக்டோபரில் இடைத்தேர்தல் நடந்து தொகுதி வேறு கட்சிக்குப் போனது. இந்தியாவில் நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களைத் திரும்ப அழைக்க அப்படி வழி இல்லை, அடுத்த தேர்தல் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

வழி இருந்தாலும் முடிவு நீங்கள் நினைத்தபடியே வரும் என்றில்லை. கூடாதீர்கள் என்று மக்களைக் கேட்டுக்கொண்ட கலிஃபோர்னியா ஆளுநர் கேவின் நியூசம், 2020 நவம்பரில் மிக விலையுயர்ந்த ஓர் உணவகத்தில் நண்பர் பிறந்தநாள் விருந்தில் இருந்தது வெளியானது. திரும்ப அழைக்கும் இயக்கத்துக்கு அது எண்ணெய் ஊற்றியது. 2021 செப்டம்பரில் வாக்கெடுப்பு நடந்தது. சுமார் 62 சதவீதம் பேர் அவரே இருக்கட்டும் என்றார்கள்.